வராதவர்களைத் தேடியவர்

அவர் முதன்முதலாக வந்த நாளில் என்னுடைய கிளினிக்கில் இருக்க இடம் இல்லாமல் பெண்கள் வெளியே மரத்தின் கீழும் நின்றார்கள். அறுபதுகளின் பிற்பகுதி. நான் வன்னியில் உருத்திரபுரத்தில் பிள்ளைப்பெறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாது. பல்கலைக்கழகத்தில் இருந்து டொக்டர்மார் வருகிறார்கள், சோகை பிடித்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு அறிவித்திருந்தார்கள். வாய்க்கால் வரம்புகளில் நடந்து, வீடு வீடாகச் சொல்லி, அவ்வளவு பேரையும் நான்தான் சேர்த்திருந்தேன். பேராசிரியர் ஜீப்பில் இருந்து இறங்கிக் கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னைப் பாராட்டினார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினார். நாற்பதுக்குக் கிட்டிய வயது. கஞ்சி போட்ட நூல் சேலை, ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. வாங்குப் பலகைகளில் இருந்த பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "வராதவை ஆர், தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்குச் சுறுக்கென்றது. "இவ்வளவு பேர் வந்திருக்கினம், மிஸ்."

"வந்தவையை நான் பாக்கிறன்தானே. வராதவையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். ஒருத்திக்குக் கால் வீங்கி நடக்க முடியாது. ஒருத்தியின் புருசன் அனுப்பமாட்டான். இன்னொருத்தி எழும்பினால் தலை சுற்றி விழுகிறாள் என்று மாமி மறித்துவிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "அப்ப சோகை கூடினவை வீட்டிலை கிடக்கினம். நடக்கக்கூடியவைதான் இஞ்சை இருக்கினம்," என்றார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. பின்னேரம் அந்த மூன்று வீடுகளுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஊரில் எல்லாரும் அவரைக் 'கணக்கு மிஸ்' என்றார்கள். பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சிகளுக்குக் கணக்குப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. இரத்தம் எடுக்கும்போது மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். கலியாணம் செய்யவில்லை. மற்றவர்கள் ஜீப்பில் கொழும்புக்குத் திரும்பிவிட, இவர் மட்டும் என்னுடைய குவாட்டர்ஸில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் தங்குவார். சமையல் சுத்தமாக வராது. ஒருநாள் எனக்கு ஓய்வு தருகிறேன் என்று குசினிக்குள் போனவர், சோற்றைக் கஞ்சியாக்கிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் அதையே குடித்தோம்.

அவர் மூளை எப்போதும் வராதவை ஆர் என்ற அந்த ஒரு கேள்வியிலேயே நின்றது. கோயில் தீமிதிப்பில் ஒருவருக்கும் கால் சுடவில்லை என்று சனம் மெய்சிலிர்த்துக் கதைத்தால், "சுட்டவை வீட்டிலை படுத்திருப்பினம், அவையை ஆர் போய்ப் பாத்தது?" என்பார். உடையார்கட்டில் விசகடிக்கு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பெயர். நாங்கள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போன இடத்தில், "என்ரை கையிலை வந்தவன் ஒருத்தனும் இண்டைவரைக்கும் சாகேல்லை," என்று பெருமையாகச் சொன்னார்.

"உங்கடை படலைக்கு வரமுன்னம் செத்தவை எத்தினை பேர், ஐயா?" என்று இவர் கேட்டார்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுதான். அது தெரியாமல் உங்கடை மருந்து நல்லதெண்டும் சொல்லேலாது, கூடாதெண்டும் சொல்லேலாது."

பரியாரியார் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். "வண்டிலிலேயே போனது ஒண்டு இருக்கு," என்றார். "சின்னப் பெட்டைப் பிள்ளை. படலையிலை இறக்கேக்கை கை குளிர்ந்துபோச்சு. தகப்பன் அப்பிடியே திருப்பிக்கொண்டு போனான். நான் அதை என்ரை கணக்கிலை சேர்க்கிறேல்லை."

அந்த ஆராய்ச்சி என்ன என்று சொல்ல வேண்டும். சோகை பிடித்த பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு விழுங்க இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பது வழக்கம். பாதிப் பேர் அதைக் கைப்பு என்று பின்வளவில் எறிந்துவிடுவார்கள். புதிதாக ஓர் இரும்பு ஊசி வந்திருந்தது. இரண்டில் எது நல்லது என்று பார்க்க, சம்மதித்த பெண்களில் சிலருக்கு ஊசி, சிலருக்குக் குளிசை. யாருக்கு எது என்பதை டொக்டரும் தீர்மானிக்க முடியாது, நானும் முடியாது. கணக்கு மிஸ் கொழும்பில் குலுக்கிப் போட்டு, ஒட்டிக் கொண்டுவந்த உறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். உள்ளே எது எழுதியிருக்கிறதோ அதுதான்.

சரசு என்று ஒருத்தி. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். ஊசி போட்டவர்களுக்கு முகத்தில் இரத்தம் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு, தனக்கும் ஊசிதான் வேண்டும் என்று வந்தாள். உறையைப் பிரித்தோம். குளிசை. அவள் கணக்கு மிஸ்ஸின் காலைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இதுவும் போனால் என்னை வீட்டிலை வைச்சிருக்கமாட்டினம். ஒரு ஊசி போடச் சொல்லுங்கோ."

எனக்கு மனம் கேட்கவில்லை. "மிஸ், அடுத்த உறையை எடுப்பமே?" என்றேன்.

"ஏலாது," என்றார். சரசுவின் கையை மெல்ல விலக்கித் தன் பக்கத்தில் இருத்தினார். "எது நல்லதெண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உறை தேவையில்லை, பிள்ளை. தெரியாதபடியாத்தான் உறை."

சரசு அழுதபடி குளிசையோடு போனாள். அன்று இரவு நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இவ்வளவு கல் நெஞ்சு ஒரு பெண்ணுக்கு இருக்குமா என்று இருந்தது. மாதங்கள் கழித்துச் சரசு ஆண்பிள்ளை ஒன்றைச் சுகமாகப் பெற்று, அவரிடம் தூக்கிக்கொண்டு வந்து மடியில் கிடத்தினாள். "நீங்கள் தந்த குளிசைதான், அம்மா," என்றாள். அவர் பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி வைத்துக்கொண்டு, "அது எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றார். கண்ணீருக்கு வளையாதவர், நன்றிக்கும் வளையவில்லை. அப்போதுதான் என்னுடைய கோபம் போனது.

ஊசி போட்ட பெண்கள் அடுத்த தடவைகளில் வந்தபோது கன்னம் சிவந்து வந்தார்கள். பேராசிரியருக்குச் சந்தோசம். நானும் சந்தோசப்பட்டேன். அதே நாட்களில்தான் குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா, திரும்பத் தலை காட்டியது. அது இந்த நாட்டை விட்டே போய்விட்டது என்று நினைத்து, வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிக்கிறவர்கள் வருவது நின்று சில வருடங்களாகியிருந்தன. காட்டோரம் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நடுங்கிப் படுத்தார்கள். கிளினிக்குக்கு வரும் தொகை குறைந்தது. வராதவர்களைப் பற்றி நான் அயலில் விசாரித்தால், அநேகமாக ஒரே பதில்தான்: "அவா பிள்ளைப்பெறுவுக்குத் தாய் வீட்டை போயிட்டா." இது எங்கள் வழக்கம்தானே. நானும் கணக்கு மிஸ்ஸிடம் அப்படியே சொன்னேன்.

"தாய் வீடு எங்கை?" என்றார்.

இப்படித்தான் நாங்கள் தேடத் தொடங்கினோம். பஸ்ஸிலும், உழவு மெசின் பெட்டியிலும், மாட்டு வண்டிலிலும், மிச்சம் நடந்தும் போனோம். காணி பறிக்க வந்த அரசாங்கக் கந்தோர்க்காரர் என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். தேடிப்போன பெண்களில் பலர் உண்மையிலேயே தாய் வீட்டில் சுகமாக இருந்தார்கள். ஒருத்தி எங்களுக்குப் புட்டவித்துத் தந்தாள். அப்படியான வீடுகளில் இருந்து திரும்பும்போது கணக்கு மிஸ் வாய்க்குள் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுப்பார். சுருதி துளியும் சேராது.

இராசம்மாவின் தாய் வீடு உடையார்கட்டில். இராசம்மா வாயாடி. ஊசி போடும்போதுகூடச் சிரிப்புக் காட்டுகிறவள். அவளும் புருசன் நாகலிங்கமும் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் புளியங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டப் போனதாகவும், அங்கிருந்து அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் உருத்திரபுரத்து அயலவர்கள் சொன்னார்கள். உடையார்கட்டுக்குப் போனோம். தாய்க்காரி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"இராசம்மாவோ? அவள் புருசனோடை புளியங்குளத்திலை. பிள்ளைப்பெறுவுக்கு இஞ்சை வாறனெண்டு சொல்லிவிட்டவள். இன்னும் காணேல்லை. அங்கை ஆஸ்பத்திரி கிட்டவெண்டு நிண்டிட்டாளாக்கும்."

கணக்கு மிஸ் என்னைப் பார்த்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை பிறந்திருக்க வேண்டிய காலம் தாண்டிவிட்டது. இரண்டு பக்கத்தாரும் அவள் மற்ற இடத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் கிளிநொச்சியில் ரயில் ஏறிப் புளியங்குளத்தில் இறங்கி, வண்டில் பாதையில் நடந்தோம். வெட்டி எரித்த காட்டுக்கு நடுவே ஒரு கொட்டில். நாகலிங்கம் வாசலில் சாக்கைப் போர்த்துக்கொண்டு குந்தியிருந்தான். காய்ச்சலில் எலும்பும் தோலுமாகியிருந்தான். என்னை உடனே அடையாளம் கண்டான். எழும்ப முயன்று முடியாமல் திரும்பக் குந்தினான்.

"இராசம்மா எங்கை, தம்பி?" என்றேன்.

அவன் கொட்டிலுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினான். பாலை மரத்தடியில் மண் மேடு ஒன்று. பன்றி கிளறாமல் இருக்க முள்ளுக் கொப்புகள் இழுத்துப் போட்டிருந்தான்.

"காச்சல் எண்டு படுத்தாள். ரெண்டு பேருக்கும்தான். எனக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. தண்ணி தண்ணியெண்டு கேட்டவள். எழும்பிப் பாக்கேக்கை..." சாக்கை இழுத்துப் போர்த்தான். "வயித்துப் பிள்ளையும் அவளோடைதான். பக்கத்து வளவுக்காரர் வந்துதான் தாட்டவை. மாமிக்கு நான் இன்னும் அறிவிக்கேல்லை, அம்மா. என்னெண்டு போய் அந்த மனிசியின்ரை முகத்திலை முழிக்கிறது?"

கணக்கு மிஸ் நிலத்தில், அவனுக்கு முன்னால் உட்கார்ந்தார். எப்போது காய்ச்சல் தொடங்கியது, ஊசி போட்டு எவ்வளவு காலத்துக்குப் பிறகு, மருந்து ஏதும் எடுத்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரை நிறுத்தச் சொல்ல வேண்டும் போல எனக்கு இருந்தது. நாகலிங்கம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தானே கேட்டான்: "அந்த ஊசியாலையோ, அம்மா?"

"தெரியாது," என்றார். "ஊசி போடாதவையும் இந்தக் காச்சலிலை சாகினம். ஒராளை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆனா உம்மடை மனிசி செத்ததை நான் எழுதுவன். அப்பிடி ஒவ்வொருத்தரையும் எழுதினாத்தான் பிறகெண்டாலும் தெரியவரும்."

"எழுதுங்கோ," என்றான் அவன்.

அவனுக்கு என் பையில் இருந்த காய்ச்சல் குளிசைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். தாய்க்காரிக்கு யார் சொல்வது என்று நான் ரயிலில் கேட்டேன். "நாங்கள் தேடிப்போய்க் கேட்டபடியாத்தான் அவா வழி பாத்துக்கொண்டிருக்கிறா. நாங்கள்தான் சொல்லவேணும்," என்றார். உடையார்கட்டில் அவர்தான் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தேற்றவும் தெரியவில்லை. "அம்மா, உங்கடை மகள் காச்சலிலை செத்திட்டா. பிள்ளையும் பிறக்கேல்லை. மருமோனும் அதே வருத்தத்திலை கிடக்கிறார்." அந்த மனுசி அவருடைய தோளிலும் மார்பிலும் அடித்து அடித்துக் குளறினாள். அவர் அடியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். நான் பிடித்து விலக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு இன்னும் சில மேடுகளைக் கண்டோம். ஊசி போட்டவர்களிலும் இருந்தார்கள், குளிசை எடுத்தவர்களிலும் இருந்தார்கள். ஊசிப் பக்கம் சாவு அதிகம் என்று எனக்குப் பட்டது. கேட்டேன். "எனக்கும் அப்பிடித்தான் படுகுது. படுகிறது மட்டும் காணாது," என்றார். காட்டோரப் பெண்கள் எந்தப் பக்கம் எத்தனை பேர், யாருக்கு முன்பே காய்ச்சல் இருந்தது என்றெல்லாம் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்தது. அவருக்கும் ஒருமுறை காய்ச்சல் வந்து என் கட்டிலில் கிடந்து நடுங்கினார். நடுக்கத்துக்கு நடுவிலும் எவளோ ஒருத்தியின் தாய் வீட்டை விசாரித்தார்.

பேராசிரியர் வந்தபோது கிளினிக் விறாந்தையில் இரண்டு கதிரைகளைப் போட்டுக் கதைத்தார்கள். நான் உள்ளே ஊசிகளை அவித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் பெண்களுக்கு ஒரு நல்ல மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். அதனால்தான் அவருக்கு அவசரம்.

"வராமல் விட்டவையை விலக்கிப்போட்டு மிச்சப் பேரைப் பாக்கிறதுதானே வழக்கம்," என்றார். "ஊர் மாறிப் போனவைக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"செத்தவை ஊர் மாறினவை இல்லை, சேர்."

"அது மலேரியா. நாங்கள் பாத்தது சோகையை. இரத்தம் ஏறிச்சுதோ இல்லையோ?"

"வந்தவைக்கு ஏறிச்சுது."

"அவ்வளவும்தான் நாங்கள் சொல்லப்போறம்."

"அவ்வளவையும் சொன்னா, ஊசி நல்லதெண்டு சனம் விளங்கிக்கொள்ளும். அது எங்களுக்குத் தெரியாது. கூடாதெண்டும் நான் சொல்லேல்லை. தெரியாதெண்டு எழுதுவம்."

"தெரியாதெண்டு எழுதவோ இவ்வளவு பேரும் இவ்வளவு காலம் மினக்கெட்டது?"

இவர் கதிரையை விட்டு எழும்பினார். பேராசிரியர் போகும்போது என்னிடம் வழக்கம்போலச் சிரித்து, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அறிக்கை, கிளினிக்குக்கு வந்தவர்களைப் பற்றி மட்டுமே வெளியானது. கணக்கு மிஸ் தன்னுடைய பெயரை அதில் போட விடவில்லை. அவருடைய பதவியும் அடுத்த வருடம் நீடிக்கப்படவில்லை. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார் என்று அறிந்தேன். ஊசி பெட்டி பெட்டியாக எங்கள் கிளினிக்குகளுக்கு வந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வன்னி முழுவதும் பரவியது. அந்தக் காலத்தில் செத்த பிள்ளைத்தாய்ச்சிகளில் யார் எதனால் செத்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் பிள்ளைப்பெறு பார்க்கவும் பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கவுமாக ஓடித் திரிந்தேன்.

ஊசிப் பெட்டிகள் வருவதற்குச் சற்று முன்னர் அவர் ஒருமுறை தனியாக ரயிலில் வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். "நாகலிங்கத்திட்டைப் போகவேணும்," என்றார்.

"இப்ப என்னத்துக்கு, மிஸ்?"

"எழுதுவன் எண்டு சொன்னனான்."

புளியங்குளத்துக்குப் போனோம். கொட்டில் கூரைக்குப் புதுக் கிடுகு போட்டிருந்தது. உள்ளே அடுப்படியில் இராசம்மாவின் தாய். மருமகனுக்குச் சமைத்துப் போட என்று அங்கேயே வந்து இருந்துவிட்டாள். எங்களைக் கண்டு பாயை விரித்துவிட்டுப் போனாள். நாகலிங்கம் கத்தியைச் சொருகி வைத்துவிட்டு வந்து இருந்தான்.

கணக்கு மிஸ் நேரே சொன்னார். "தம்பி, நான் எழுதினனான். அதை வெட்டிப்போட்டினம். உம்மடை மனிசி செத்தது அந்த அறிக்கையிலை இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவன் யோசித்தான். "எனக்கு வாசிக்கத் தெரியாது, அம்மா. எழுதினாலும் எழுதாட்டிலும் எனக்கு ஒண்டுதான். இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம்."

தாய்க்காரி வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. கப்புத் தூணோடு சாய்ந்துகொண்டு நின்றாள். "அந்த ஊசி இனியும் போடுவினமோ?" என்று கேட்டாள்.

"எல்லா இடத்துக்கும் வரப்போகுது."

"உந்தப் பக்கத்து வளவிலை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறாள். என்ரை பிள்ளையைத் தாட்டவையின்ரை வீடு. சோகையெண்டு கிளினிக்குக்குப் போகச் சொல்லியிருக்கினமாம். அவளுக்கு நாங்கள் என்ன சொல்லுறது?"

கணக்கு மிஸ் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். தெரியாது என்று சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். பேராசிரியருக்கு முன்னாலும் சரசுவுக்கு முன்னாலும் அந்தச் சொல்லைத்தான் சொன்னவர். அவர் தாய்க்காரியைப் பார்த்து, "காச்சல் இருக்கேக்கை அந்த ஊசியைப் போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றார். "குளிசை கேட்டு வாங்கச் சொல்லுங்கோ."

"அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?" என்று நாகலிங்கம் கேட்டான்.

"தெரியாது," என்றார். "எண்டாலும் சொல்லுங்கோ."

தாய்க்காரி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, அப்போதே படலையைத் திறந்து பக்கத்து வளவுக்கு நடந்தாள்.